அடுப்பு மூட்டாத சிற்றுண்டி

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்ததும் அநேகமான பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "சாப்பிட என்ன இருக்கு?" என்பதுதான். அம்மாவும் அப்பாவும் வேலையால் வர நேரமாகும். தனியாக அடுப்பை மூட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதனால் கை நேரே சிப்ஸ் பைக்குத்தான் போகும்.

ஆனால் பிரிட்ஜைத் திறந்து பாருங்கள். கரட் இருக்கும், வெள்ளரிக்காய் இருக்கும், தக்காளியும் தேசிக்காயும் இருக்கும். அடுப்பும் வேண்டாம், அவணும் வேண்டாம். இவற்றைக் கொண்டே நல்ல சிற்றுண்டி செய்யலாம். எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

நமக்கு இது புதிதல்ல

சமைக்காத காய்கறி என்றதும் 'சாலட்' என்ற சொல்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் நெருப்பில்லாத உணவு தமிழருக்குப் பழக்கமானதுதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் கரட் சம்பலும் வல்லாரைச் சம்பலும் செய்வார்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீராமநவமி அன்று பானகம், நீர்மோர் ஆகியவற்றோடு கோசுமல்லியும் செய்வார்கள். கோசுமல்லி என்பது ஊறவைத்த பருப்பும் வெள்ளரிக்காயும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த உணவு.

கனடாவின் உணவு வழிகாட்டி 2019ஆம் ஆண்டு ஜனவரியில் புதிதாக வெளிவந்தது. நமது தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கால் பங்கு புரத உணவு, மற்றக் கால் பங்கு முழுத்தானியம். குடிப்பதற்குத் தண்ணீரே சிறந்தது என்றும் சொல்கிறது. கோசுமல்லியைப் பாருங்கள். வெள்ளரிக்காய் காய்கறி, பருப்பு புரதம். அந்தத் தட்டில் முக்கால் பங்கு இதிலேயே வந்துவிடுகிறது!

காய்கறி எங்கிருந்து வருகிறது?

அஜக்ஸ் நகரம் ஒன்ராறியோ ஏரியின் கரையில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிறது. இங்கே பனிக்காலத்தில் தோட்டம் எல்லாம் உறைந்துவிடும். ஆனாலும் கடையில் கரட் இருக்கிறது. எப்படி?

ரொறன்ரோவுக்கு வடக்கே ஹொலண்ட் மார்ஷ் என்ற இடம் இருக்கிறது. அது முன்னர் சதுப்பு நிலம். தண்ணீரை வடியவிட்டு அதை விளைநிலம் ஆக்கினார்கள். அங்குள்ள கறுப்பு மண்ணில் கரட்டும் வெங்காயமும் நன்றாக விளையும். இலையுதிர் காலத்தில் அறுவடை செய்த கரட்டைக் குளிர்க்களஞ்சியத்தில் வைத்துப் பல மாதங்களுக்கு விற்பார்கள். தக்காளியும் வெள்ளரிக்காயும் ஒன்ராறியோவின் தென்மேற்கில் உள்ள லெமிங்டன் பகுதியில் கண்ணாடி வீடுகளுக்குள் வளர்கின்றன. தேங்காய் தூர தேசத்தில் இருந்து வருகிறது. துருவி உறையவைத்த தேங்காய்ப்பூவைத் தமிழ்க் கடைகளில் வாங்கலாம்.

தொடங்க முன்னர்

நெருப்பு கிருமிகளைக் கொல்லும். நாம் நெருப்பைப் பயன்படுத்தவில்லை. அதனால் சுத்தம் இரண்டு மடங்கு முக்கியம்.

1. சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்.
2. காய்கறியை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். காய்கறிக்குச் சவர்க்காரம் போடக் கூடாது. கரட்டை ஒரு சின்னத் தூரிகையால் தேய்க்கலாம்.
3. இறைச்சி வெட்டிய பலகையில் காய்கறி வெட்டாதீர்கள்.
4. கத்தி பிடிக்கும்போதும் கரட் சீவும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கரட் சின்னதாகத் தேய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சத் துண்டை வாயில் போடலாம், விரலைச் சீவ வேண்டாம்!

முதலாவது: கரட் சம்பல்

தேவையானவை: கரட் 2, தேங்காய்ப்பூ 3 மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 2, தேசிக்காய் பாதி, உப்பு ஒரு சிட்டிகை. உறைப்பு பிடிக்கும் என்றால் பச்சை மிளகாய் பாதி.

செய்முறை: கரட்டைச் சீவுங்கள். வெங்காயத்தையும் மிளகாயையும் பொடியாக வெட்டுங்கள். மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் தேங்காய்ப்பூவோடு கலந்து, தேசிக்காய்ப் புளி விடுங்கள். கடைசியாக உப்புப் போட்டுப் பிரட்டுங்கள். இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவே வைத்துச் சாப்பிடலாம்.

உப்பை ஏன் கடைசியில் போடுகிறோம்? ஊரிலே அம்மம்மாமார் இப்படிச் சொல்லுவார்கள்: "உப்பை முதலே போட்டிடாத ராசா, தண்ணி விட்டிடும்." அது உண்மைதான். காய்கறியின் சின்னச் சின்னக் கலங்களுக்குள் தண்ணீர் இருக்கிறது. வெளியே உப்புப் பட்டதும் அந்தத் தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் இழுபட்டு வெளியே வந்துவிடும். கரட் துவண்டு போகும், சம்பல் சதசதவென்று ஆகிவிடும்.

தேங்காய்ப்பூ ருசிக்கு மட்டும் அல்ல. கரட்டின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான சத்தை நமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றுகிறது. பார்வைக்கு அது தேவை. அந்தச் சத்தை உடல் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தேங்காயில் கொழுப்பு இருக்கிறது. தேசிக்காயிலே விற்றமின் சி இருக்கிறது. சூடாக்கினால் அது குறைந்துபோகும். இங்கே நாம் சூடாக்கவில்லையே!

இரண்டாவது: கோசுமல்லி

தேவையானவை: உடைத்த பயற்றம்பருப்பு அரைக் கோப்பை, வெள்ளரிக்காய் 1, தேங்காய்ப்பூ 2 மேசைக்கரண்டி, தேசிக்காய் பாதி, கொத்தமல்லி இலை கொஞ்சம், உப்பு அளவாக.

செய்முறை: பருப்பை இரண்டு மூன்று தரம் கழுவி, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பாருங்கள். 'கடுக்' என்று இல்லாமல் மெதுவாக உடைந்தால் ஊறிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரை நன்றாக வடித்துவிடுங்கள். பொடியாக வெட்டிய வெள்ளரிக்காய், தேங்காய்ப்பூ, கொத்தமல்லி ஆகியவற்றைச் சேருங்கள். சாப்பிடுகிற நேரத்தில் உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேருங்கள். வெள்ளரிக்காயில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பங்கு தண்ணீர். அதனால் இங்கேயும் உப்பு கடைசியில்தான்.

இரண்டு விடயங்களை நினைவில் வைத்திருங்கள். ஒன்று, எல்லாத் தானியத்தையும் இப்படிப் பச்சையாகச் சாப்பிட முடியாது. சிவப்பு பீன்ஸில் ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது அழியும். இரண்டு, முளைவிட்ட பயற்றைப் பிள்ளைகள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று கனடாவின் சுகாதாரத் துறை சொல்கிறது. முளைவிடத் தேவையான வெப்பமும் ஈரமும் கிருமிகள் பெருகவும் உதவும். முளைப்பயறு வேண்டும் என்றால் பெரியவரைக் கொண்டு அவித்துச் சாப்பிடுங்கள்.

மூன்றாவது: கரட் உருண்டை

தேவையானவை: விதை நீக்கிய மெதுவான பேரீச்சம்பழம் 1 கோப்பை, ஓட்ஸ் 1 கோப்பை, சீவிய கரட் அரைக் கோப்பை, உலர்ந்த தேங்காய்ப்பூ அரைக் கோப்பை, ஏலக்காய்ப்பொடி ஒரு சிட்டிகை. உருட்டி எடுக்க இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூ.

செய்முறை: சீவிய கரட்டைக் கையால் பிழிந்து தண்ணீரை எடுத்துவிடுங்கள். பேரீச்சம்பழத்தை நன்றாக மசியுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடியுங்கள். தேங்காய்ப்பூவில் உருட்டி, அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். சீனி போடத் தேவையில்லை. பேரீச்சம்பழமே இனிப்புத்தான். அதன் பிசுபிசுப்புத்தான் உருண்டையை உடையாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஓட்ஸுக்குப் பதிலாகக் கோதுமை மா போடலாமா? கூடாது. பச்சை மாவிலே நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். தட்டையான ஓட்ஸைத் தொழிற்சாலையிலேயே நீராவியில் அவித்து உருட்டித்தான் பையில் போடுகிறார்கள். அதனால் அதை அடுப்பில் வைக்காமல் சாப்பிடலாம்.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். ஆனால் முதலில் ஒரு சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்ராறியோவில் சப்ரினா ஷனன் என்ற 13 வயதுச் சிறுமி இருந்தார். பாலுணவு அவருடைய உடலுக்கு ஒத்துக்கொள்ளாது. இதை 'ஒவ்வாமை' என்று சொல்கிறோம். 2003ஆம் ஆண்டு பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட உணவினால் ஒவ்வாமை ஏற்பட்டு அவர் இறந்துபோனார். அதன் பிறகு ஒன்ராறியோ 2005ஆம் ஆண்டு 'சப்ரினா சட்டம்' என்ற சட்டத்தை நிறைவேற்றியது. 2006 ஜனவரி 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. கடுமையான ஒவ்வாமை உள்ள மாணவரைப் பாதுகாக்க ஒவ்வொரு பள்ளிச் சபையும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

ஒவ்வாமை தரும் முக்கிய உணவுகள் என்று கனடா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கச்சான், முந்திரி போன்ற பருப்பு வகைகள், பால், முட்டை, மீன், சோயா, கோதுமை எல்லாம் அதில் உண்டு. எள்ளும் கடுகும் கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன! எள்ளுருண்டையும் கச்சான் அல்வாவும் நமக்கு விருப்பமான பண்டங்கள். சம்பலுக்கும் பச்சடிக்கும் கடுகு தாளிப்பது நமது வழக்கம். ஆனால் பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு துளியே ஆபத்தாக முடியலாம்.

இந்தப் பாடத்தில் உள்ள மூன்று பண்டங்களிலும் கச்சானும் எள்ளும் கடுகும் சேர்க்காததற்குக் காரணம் அதுதான். தேங்காய் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே, வாங்கிய பொருளின் பையில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வகுப்பில் என்ன கொண்டுவரக் கூடாது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். "கொஞ்சம் சாப்பிட்டுப் பார்" என்று கட்டாயப்படுத்தி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தேங்காய்ப்பூ சேர்ந்த உணவு வெப்பத்தில் கெதியாகப் பழுதாகிவிடும். 4 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே சாப்பாட்டுப் பையில் ஒரு குளிர்க்கட்டிப் பொதியை வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த சம்பலைச் சாப்பிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் பலகையையும் கத்தியையும் கழுவி வையுங்கள். கரட் தோலையும் வெங்காயத் தோலையும் பச்சைத் தொட்டியில் போடுங்கள். அதோடு, வேலையால் வருகிற அம்மா அப்பாவுக்கும் ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள். அவர்களுக்கும் பசிக்கும்.

ஒரு பொருள், இரண்டு பெயர்

ஈழத்தில் – தமிழ்நாட்டில்
கரட் – கேரட்
தேசிக்காய் – எலுமிச்சம்பழம்
கச்சான் – வேர்க்கடலை
பயற்றம்பருப்பு – பாசிப்பருப்பு
பாண் – ரொட்டி, பிரெட்

பேச்சும் எழுத்தும்

தண்ணி – தண்ணீர்
என்ன இருக்கு? – என்ன இருக்கிறது?
போட்டிடாத – போட்டுவிடாதே
விட்டிடும் – விட்டுவிடும்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. சம்பலுக்கு உப்பை ஏன் கடைசியில் போடுகிறோம்?
2. பனிக்காலத்திலும் கடையில் கரட் எப்படிக் கிடைக்கிறது?
3. கரட் உருண்டைக்குக் கோதுமை மா ஏன் சேர்க்கக் கூடாது?
4. சப்ரினா சட்டம் எதற்காக வந்தது?

ஆ. எழுத்துத் தமிழில் மாற்றுக.
1. "எனக்குப் பசிக்குது, சாப்பிட என்ன இருக்கு?"
2. "கரட்டைச் சீவி வைச்சிருக்கிறன்."

இ. செய்து பார்ப்போம்.
வீட்டில் உள்ள ஒரு பிஸ்கற் பையை எடுங்கள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று வாசியுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களின் பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள்.