புகைக்கும் ஒரு பேரேடு

கடைக் கணக்கு தெரிந்தவர்க்கு இந்த விஷயம் சுலபமாக விளங்கும். ஓராண்டு விற்பனை 10 லட்சம், கரண்டு பில் 20,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் விற்பனைக்கு 2 பைசா. சில வருஷம் கழித்து விற்பனை 30 லட்சம், பில் 40,000. ரூபாய்க்கு 1.33 பைசாதான்! சிக்கனம் பண்ணிட்டோம்னு சந்தோஷப்படலாம். ஆனா, கட்டற பில் இரட்டிப்பாயிடுச்சே!

நம் நாட்டுக் கதையும் இதுதான். 2005 முதல் 2020 வரை, உற்பத்தியில் ரூபாய் ஒன்றுக்கு வெளியாகும் கரியமில வாயு முதலியவை 36 சதவீதம் குறைந்ததாக நம் அரசு ஐ.நா.வுக்கு அறிக்கை தந்துள்ளது. மொத்தப் புகையோ கூடியிருக்கிறது. உற்பத்தி அதைவிடப் பெருகியதே காரணம். மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

அப்போ வளர்ச்சியை நிறுத்தணுமா? கூடாது. கரியமில வாயு ஆண்டுக்கு இந்தியர் ஒருவர் கணக்கில் சுமார் 2 டன், அமெரிக்கர் கணக்கில் சுமார் 14 டன். ஒற்றை விளக்கு எரியும் வீட்டில் போய்ச் சிக்கனம் பேசுவது நியாயமா?

எரிபொருளை மாற்றுவதே வழி. 1882-ல் லண்டனில் நிலக்கரி மின்நிலையம் தொடங்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடியது. 1990-ஐவிட அதன் பொருளாதாரம் பெருத்தும், நாட்டுக்குள் விடும் புகை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. வெளிநாட்டில் செய்து அங்கே இறக்குமதியாகும் சாமான்களின் புகை இதில் சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே அன்பர்களே, இனி யாராவது சதவீதம் குறைந்தது என்றால், மொத்தம் எவ்வளவு என்றும் கேளுங்கள். வெயில் ஏறுவது அந்த மொத்தத்தைப் பொறுத்துத்தான்.