பனிமலை மீட்புப் பணியில் ஹெலிகாப்டர்

மலைப்பாதையில் தவறி விழுந்து கால் முறிந்த ஒருவரைப் பனிக்காலத்தில் தரை வழியே கீழே கொண்டுவருவது எளிதன்று. ஒரு தூக்குப்படுக்கையை மாறி மாறிச் சுமப்பதற்குப் பலர் வேண்டும். சில இடங்களில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும். அதே தொலைவை ஹெலிகாப்டர் சில நிமிடங்களிற் கடந்துவிடுகிறது. ஆதலின், இவ்விமானம் இருக்குமிடத்தில் அச்சத்திற்கு இடமில்லை என்று பொதுமக்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் காற்றின் அடர்த்தி, எஞ்சினின் ஆற்றல், பனியின் தன்மை ஆகிய மூன்றும் விதிக்கும் எல்லையை எந்த விமானமும் மீற இயலாது. இவ்வுண்மை இரண்டு இளைஞரின் உயிரை விலையாகக் கொடுத்து அறியப்பட்டதாகும்.

மோன் பிளாங் மலையில் நேர்ந்தது

பிரான்சு, இத்தாலி நாடுகளின் எல்லையில் அமைந்த மோன் பிளாங், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரம். அதன் உயரம் 4,800 மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், மலையடிவார நகரமாகிய ஷமோனியிலிருந்து ஜான் வான்சாந்தோன், பிரான்சுவா ஆன்ரி என்னும் இரண்டு இளைஞர் இச்சிகரத்தில் ஏறப் புறப்பட்டனர். கிறிஸ்துமஸ் நாளன்று கடும்பனிப்புயல் அவர்களைச் சூழ்ந்தது. அதே வழியில் ஏறிய புகழ்பெற்ற இத்தாலிய மலையேறி வால்டர் பொனாட்டி, தம் துணைவருடன் சிகரத்தைக் கடந்து, மறுபுறத்திலுள்ள வாலோ தங்குகுடிலை அடைந்து உயிர்தப்பினார். இளைஞர் இருவரோ அவ்வளவு தூரம் செல்ல வலுவின்றிப் பனிப்பாறைகளிடையே சிக்கிக்கொண்டனர்.

ஷமோனி நகரத்து மக்கள் தொலைநோக்கி வழியே அவ்விருவரையும் காண முடிந்தது. காண முடிந்ததேயன்றி அணுக முடியவில்லை. லியோனெல் டெரே என்னும் மலையேறி தம் தோழருடன் கால்நடையாகவே புறப்பட்டார். டிசம்பர் 31ஆம் நாள் சிக்கோர்ஸ்கி எஸ்-58 வகையைச் சேர்ந்த பெரிய ஹெலிகாப்டர் ஒன்று விமானிகள் இருவரையும் மலை வல்லுநர் இருவரையும் சுமந்து சென்றது. இறங்கும் தறுவாயில் அதன் விசிறிக்காற்று தளர்ந்த பனித்தூளைக் கிளப்பியது. விமானியின் கண்ணுக்கு முன் எல்லாம் வெண்மையாயிற்று. விமானம் பக்கவாட்டிற் சரிந்து நொறுங்கியது.

மீட்கச் சென்றவரே மீட்கப்பட வேண்டியவராயினர். விமானிகளுள் ஒருவர் பனிப்பிளவில் விழுந்து, குளிரால் கடுந்துன்பமுற்றார். நடக்க இயலாத இளைஞர் இருவரையும் சுமந்து செல்ல எவரிடத்தும் வலுவில்லை. உடைந்த விமானத்தின் கூட்டுக்குள் அவர்களைக் கிடத்திவிட்டு மற்றவர் வாலோ குடிலை நோக்கி ஏறினர். 1957ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அலுவெத்-2 என்னும் சிறிய ஹெலிகாப்டர்கள் மீட்புப் படையினரைக் கீழே கொண்டுவந்தன. அத்துடன் முயற்சி நிறுத்தப்பட்டது. இளைஞரின் உடல்கள் மார்ச் மாதத்தில்தான் எடுக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சி பிரான்சு முழுவதையும் உலுக்கியது. 1958ஆம் ஆண்டில் மலைமீட்புப் பணி அரசாங்கத்தின் பொறுப்பாக ஒழுங்குபடுத்தப்பட்டது. ஷமோனியில் இதற்கெனத் தனிப்படை அமைந்தது. எந்த விமானம், எவருடைய கட்டளையின்கீழ், எவ்வளவு சுமையுடன் செல்ல வேண்டும் என்பதை விபத்து நேர்ந்த பின்னர் விவாதிக்கலாகாது என்பதே அரசு கண்ட முடிவு.

மெல்லிய காற்றும் சுழல் விசிறியும்

பெரிய விமானம் தோற்ற இடத்தில் சிறிய விமானம் வென்றது எவ்வாறு? ஹெலிகாப்டரின் விசிறி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்விசையே விமானத்தைத் தூக்குகிறது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். 4,000 மீட்டர் உயரத்தில் அது மூன்றில் இரண்டு பங்காகவும், 6,000 மீட்டர் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலாகவும் குறைந்துவிடுகிறது. தள்ளுவதற்குரிய காற்று குறையவே, அதே எடையைத் தாங்க விசிறிக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. எஞ்சினோ அதே மெல்லிய காற்றை உண்டு இயங்குவதால், தேவை மிகும் இடத்தில் அதன் ஆற்றல் குறைகிறது.

சிக்கோர்ஸ்கி எஸ்-58 பிஸ்டன் எஞ்சின் பூண்டது. அலுவெத்-2 டர்பைன் எஞ்சின் பூண்டது. டர்பைன் எஞ்சின் தன் எடைக்கு மிகுந்த ஆற்றல் தருவது. ஆகவே விமானத்தின் தேவைக்கு மேற்பட்ட பெரிய எஞ்சினைப் பொருத்தி, சமவெளியில் அதன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தி, எஞ்சியதை மலையுச்சிக்கென வைத்துக்கொள்ள இயலும். விபத்துக்கு ஆறு மாதம் முன்பு, 1956 ஜூலை 3ஆம் நாள், அலுவெத்-2 விமானம் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து நோயுற்ற மலையேறி ஒருவரைக் கொண்டுவந்திருந்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

குளிர்காலத்திற்கு ஒரு நன்மையும் உண்டு. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஆகையால் ஒரே உயரத்தில் கோடையைவிடக் குளிர்காலத்தில் விசிறிக்குச் சற்றுக் கூடுதலான பிடிப்புக் கிடைக்கிறது. ஆனால் இந்நன்மையைப் பனித்தூள் விழுங்கிவிடுகிறது. விசிறிக்காற்று கிளப்பும் தூளின் நடுவே தரை எது, வானம் எது, விமானம் எப்பக்கம் சாய்கிறது என்பவற்றை விமானி அறிய இயலாது. மேசைமேல் சிறிது மாவைப் பரப்பி, அதன்மேல் ஓர் அட்டையை விசிறிக் காட்டினால் மாணவர் இதனை எளிதில் உணர்வர்.

தரையில் இறங்காமலே மீட்கும் முறை இதனால் வளர்ந்தது. விமானம் உயரே நிலைத்து நிற்க, கம்பிவடத்தின் நுனியில் மீட்பாளர் இறக்கப்படுகிறார். சுவிட்சர்லாந்தின் ஐகர் சிகரத்தின் செங்குத்தான வடமுகத்திலிருந்து 1971ஆம் ஆண்டில் இவ்வாறு வடத்தின் மூலம் மலையேறிகள் தூக்கப்பட்டனர்.

குளிர் தாக்கிய உடல்

விமானம் வந்து சேர்ந்ததும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. மனித உடலின் உள் உஷ்ணநிலை 35 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே சென்றால் அது குளிர்த்தாக்கு எனப்படும். தொடக்கத்தில் உடல் நடுங்குகிறது. இந்நடுக்கம் வெப்பத்தை உண்டாக்கும் தற்காப்பு. உஷ்ணநிலை மேலும் குறையும்போது நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, அறிவு மயங்குகிறது. நடுக்கம் நின்றதை நலம் பெற்றதாகக் கருதுவது பெரும் பிழை. 28 டிகிரிக்குக் கீழே இதயம் மிகவும் நொய்ந்த நிலையில் இருக்கும். அப்போது உடலை முரட்டுத்தனமாக அசைத்தாலே இதயத்தின் ஒழுங்கான துடிப்பு நின்றுவிடக்கூடும். எனவேதான் குளிர்த்தாக்குற்றவரை நிமிர்த்தாமல், கிடைநிலையிலேயே மெதுவாகத் தூக்க முயல்கின்றனர்.

குளிர் உயிரைக் கொல்வதோடு சில வேளைகளில் அதைக் காத்தும் வைக்கிறது. 1999ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நார்வே நாட்டில் நார்விக் நகருக்கு அருகே பனிச்சறுக்கில் ஈடுபட்டிருந்த 29 வயதுப் பெண் மருத்துவர் ஒருவர் தவறி விழுந்து, உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கியிருந்தார். வெளியே எடுத்தபோது இதயத்துடிப்பும் சுவாசமும் இல்லை. ஆயினும் தோழர்கள் செயற்கைச் சுவாசத்தையும் இதய அமுக்கத்தையும் தொடங்கினர். ஹெலிகாப்டரிலும் அது இடைவிடாது தொடர்ந்தது. டிராம்சோ மருத்துவமனையில் அவர் உடலின் உஷ்ணநிலை 13.7 டிகிரி என்று காணப்பட்டது. இரத்தத்தை உடலுக்கு வெளியே கருவி மூலம் சூடேற்றி மீண்டும் செலுத்தினர். அவர் பிழைத்து, பின்னர்ப் பணிக்கும் திரும்பினார். மூளை குளிர்ந்திருக்கையில் அதற்குத் தேவையான ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதே இதற்குக் காரணம். உடல் சூடேற்றப்பட்ட பின்னரும் உயிர்க்குறி தோன்றாத வரையில், குளிர்த்தாக்குற்றவரை இறந்தவர் என்று அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது என்னும் மருத்துவ விதியை இத்தகைய நிகழ்ச்சிகள் உறுதிப்படுத்தின.

இமயத்தின் தேவை

மோன் பிளாங் மலையில் கற்ற பாடம் இந்தியாவுக்கும் பயன்பட்டது. இமயத்தில் இயங்குவதற்கேற்ற ஹெலிகாப்டர் வேண்டும் என்னும் இந்தியப் படைகளின் தேவையை முன்னிட்டு, அலுவெத்-2 விமானத்தின் உடலையும் அலுவெத்-3 விமானத்தின் வலிமைமிக்க எஞ்சினையும் இணைத்து 'லாமா' என்னும் விமானம் உருவாக்கப்பட்டது. அது 1969ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. அதே ஆண்டில் இமயத்தில் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கியும் எழுந்தும் காட்டியது. 1972 ஜூன் 21ஆம் நாள் ஜான் பூலே என்னும் விமானி இதனை 12,442 மீட்டர் உயரத்திற்குச் செலுத்தினார். அங்கு எஞ்சின் அணைந்துவிடவே, காற்றின் விசையால் மட்டுமே சுழன்ற விசிறியைக்கொண்டு அவர் பத்திரமாகத் தரையிறங்கினார். 1957இல் மோன் பிளாங் மலையிலிருந்து மீட்புப் படையினரை அலுவெத்-2 விமானத்தில் இறக்கிய விமானிகளுள் இவரும் ஒருவர்.

இவ்விமானத்தை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 'சீட்டா' என்னும் பெயரில் இந்தியாவில் உற்பத்தி செய்தது. சியாச்சின் பனியாற்றுக் காவல் நிலைகளிலிருந்து நோயுற்றோரையும் காயமுற்றோரையும் பல பத்தாண்டுகளாக இது இறக்கி வந்துள்ளது. 2022 அக்டோபர் 4ஆம் நாள் உத்தரகாசி மாவட்டத்துத் திரௌபதி-கா-தண்டா மலையில் மலையேற்றப் பயிற்சியாளர் பனிச்சரிவிற் சிக்கியபோதும் இந்திய விமானப்படை சீட்டா விமானங்களை அனுப்பியது.

களப்பணியாளர் அறிய வேண்டுவன

விமானி மேலிருந்து பார்க்கும்போது கையசைப்பவர் உதவி கேட்கிறாரா, வாழ்த்துகிறாரா என்பது விளங்காது. ஆகவே இரு கைகளையும் மேலே விரித்து உயர்த்தி நிற்பது 'உதவி வேண்டும்' என்பதற்கும், ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்தி நிற்பது 'வேண்டா' என்பதற்கும் சர்வதேச அடையாளமாக வகுக்கப்பட்டுள்ளன. இறங்குமிடத்தில் துணி, கூடாரம், தொப்பி முதலிய பறக்கக்கூடிய பொருள்களை அகற்றிவிட வேண்டும். தளர்ந்த பனியை மிதித்து இறுக்கினால் தூள் கிளம்புவது குறையும். சரிவின் மேற்புறத்திலிருந்து விமானத்தை அணுகலாகாது. அங்கு விசிறியின் நுனி தலைமட்டத்திற்குத் தாழ்ந்திருக்கும். விமானி கண்ணாற் காணும்படி முன்புறமாக, அவர் சைகை காட்டிய பின்னரே செல்ல வேண்டும். மேலிருந்து இறங்கும் கொக்கியில் மின்னேற்றம் தேங்கியிருக்கும். அது தரையைத் தொட்ட பின்னரே கையாற் பிடிக்கலாம்.

விமானம் வரும் வரையில் காயமுற்றவரைக் காற்றுப்படாமல் மறைத்து, ஈர உடையை நீக்கி உலர்ந்த போர்வையாற் சுற்றி, அவருக்கும் பனிக்கும் இடையே பாய், கயிறு, மூட்டை எதையேனும் பரப்ப வேண்டும். கைகால்களைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் தீங்கு விளைப்பன. வானிலை மாறினால் எத்துணைச் சிறந்த விமானமும் ஒருநாள், இருநாள் தாமதிக்கக்கூடும். அவ்விடைவேளையில் அவருடைய உயிர் அருகில் நிற்பவரின் கையிலேயே உள்ளது.