ஜகார்த்தாவில் ஓர் இறுதியாட்டம்



பூந்தமல்லியில் மாலை வேளையில் பந்தாடும் பிள்ளைகளிடம், ஆசிய விளையாட்டில் காற்பந்துத் தங்கப் பதக்கம் நம் நாட்டுக்குக் கிடைத்ததுண்டா என்று கேட்டால் பலரும் நகைப்பர். இருமுறை கிடைத்ததுண்டு. 1951இல் டில்லியில் ஈரானை வென்றோம். அது நம் சொந்த மண். 1962 செப்டம்பர் 4ஆம் நாள் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்றதோ வேறு வகை.

அக்கொரியர்களிடமே நம்மவர் முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றிருந்தனர். பின்பு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென் வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என்று தட்டுத்தடுமாறிக் கடந்தனர். இதற்கிடையில் தற்காப்பின் தூணாகிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. கோல் காவலர் பீட்டர் தங்கராஜோ காய்ச்சலில் விழுந்திருந்தார்.

இந்நிலையில் ஓர் ஆசிரியர் என்ன செய்வார்? ஆசிரியர் என்றது வேண்டுமென்றேதான். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்தவர். அவர் ஜர்னைல் சிங்கை உட்கார வைக்கவில்லை. தற்காப்பிலிருந்து பெயர்த்து முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். தங்கராஜை மீண்டும் அழைத்தார். உயரமான பந்துகளை எட்டிப் பிடிக்க அவரைப் போன்ற நெடியவர் வேண்டியிருந்தது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடி, 1955இல் டூராண்டு கோப்பையை வென்றவர் தங்கராஜ். அவரே முதலில் முன்வரிசையில் ஆடிப் பின்பு கோல் காவலரானவர்தாம்! இடம் மாறியவர் இருவர், ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நின்றது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும்.

திடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அவர்கள் நம் பக்கமில்லை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை நம் நாட்டுப் பிரதிநிதி சோந்தி கண்டித்திருந்தார்; அந்தச் சினம் ஒரு பாவமும் அறியாத பதினொரு பேர்மீது விழுந்தது. நம் வீரர் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல். தலைவர் சுனி கோஸ்வாமியும் மற்றவரும் அதைக் கேளாதவர்போல் ஆடினர்.

17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலைப் போட்டார். 20ஆம் நிமிடத்தில் இரண்டாவது. போட்டவர் யார்? தலையில் கட்டுடன் முன்வரிசைக்கு வந்த ஜர்னைல் சிங்கே.

அதன் பின்னர்தான் சோதனை. எஞ்சிய எழுபது நிமிடமும் கொரியர் விடாது தாக்கினர். முடிவு நெருங்குகையில் ஒரு கோலும் போட்டுவிட்டனர். இன்னொன்று விழுந்தால் ஆட்டம் சமனாகிவிடும். விழவில்லை. இரண்டுக்கு ஒன்று.

அன்று ரஹீம் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவர் மறைந்தார். 1970இல் நமக்கு வெண்கலம் கிடைத்தது. தங்கம் இன்றுவரை மீண்டும் கிடைக்கவில்லை.