கோடைக் குளிரும் குத்தகை நிலமும்: யப்பானின் இவாதே மாகாணம்

யப்பானின் பிரதான தீவாகிய ஹொன்ஷுவின் வடகீழ்ப் பகுதியிலுள்ளது இவாதே. பரப்பிலே ஹொக்கைதோவுக்கு அடுத்த பெரிய மாகாணம் இதுவே. ஏறத்தாழ 15,275 சதுர கிலோமீற்றர். மேற்கே ஓஊ மலைத்தொடர். கிழக்கே கிதகாமி மேட்டுநிலம். இடையே தெற்கு நோக்கிப் பாயும் கிதகாமி ஆறு. நெல் பெரும்பாலும் இவ்வாற்றுச் சமவெளியிலேயே விளைகின்றது. மேட்டுநிலத்தார் முன்னாளில் குதிரைவாலியை உண்டு குதிரை வளர்த்தனர். மனிதரும் குதிரையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த, கோணமாக மடங்கிய வீடுகள் சில இன்றும் எஞ்சியுள்ளன. கிழக்குக் கரையில் வாழ்வோர் மீனவர். 1896, 1933, 2011 ஆகிய ஆண்டுகளில் ஆழிப்பேரலைக்கு ஆளானோர்.

கோடையில் வடகிழக்குக் கடலிலிருந்து 'யமசே' எனும் குளிர்காற்று வீசும். அது நீடித்தால் நெற்கதிர் பதராகும். 1780களிலும் 1830களிலும் நேர்ந்த பெரும் பஞ்சங்களுக்கு இக்காற்றையே காரணங் கூறுவது வழக்கம். ஆனால் பஞ்சத்திலும் வரி குறையவில்லை. நான்பு பிரபுக்களின் வரிச்சுமை தாளாது 1853இல் ஆயிரக்கணக்கான உழவரும் மீனவரும் எல்லை கடந்து செந்தாய் ஆட்சிப்புலத்துள் நுழைந்து, தம்மை அவ்வாட்சியின் குடிகளாக ஏற்குமாறு கோரினர். தம் துயருக்குக் காற்று மாத்திரம் காரணமன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இப்பின்னணியிலேயே யனகிதா குனியோ 1910இல் வெளியிட்ட 'தோனோ மொனொகதாரி'யை நோக்குதல் வேண்டும். தோனோ வட்டாரத்து வாய்மொழிக் கதைகளின் இத்தொகுப்பு, யப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் தொடக்க நூலாகப் போற்றப்படுவது. பேய்களையும் நீர்வாழ் பூதங்களையும் பற்றியே பலரும் பேசுவர். ஆயின் அதிலே தெந்தெரா வெளி பற்றிய செய்தியொன்றுண்டு: அறுபது வயது கடந்தோர் அங்கு அனுப்பப்படுவர், பகலிற் கீழிறங்கி வந்து வயலில் வேலை செய்து உணவு பெற்று, மாலையில் மீள்வர். புறந்தள்ளப்பட்டவர்களின் உழைப்பு மட்டும் புறந்தள்ளப்படவில்லை. இதனை வெறும் விந்தைக் கதையாக வாசிப்பது வாசிப்பாகாது.

ஹனமாகியிற் பிறந்த மியசாவா கென்ஜி (1896–1933) தம் கற்பனை உலகுக்கு 'ஈஹதோவ்' எனப் பெயரிட்டார். இவாதேயின் உருமாற்றம் அது. தந்தையார் அடகுக்கடைக்காரர், உழவரின் கடனே குடும்பத்தின் செல்வம். இம்முரண்பாடு அவரை இறுதிவரை வருத்தியது. 1926இல் விவசாயப் பாடசாலை ஆசிரியப் பதவியைத் துறந்து, தாமே நிலத்தைக் கொத்தி, உழவர்க்கு இலவசமாக உரத்திட்டம் வகுத்துக் கொடுத்தார். 1932இல் வெளியான அவரது 'குஸ்கோ புதோரி' கதையில், நாயகன் தன்னுயிரைக் கொடுத்து எரிமலையை வெடிக்கச் செய்து குளிர்க்கோடையை வெப்பமாக்குகிறான். வானிலை மாறுகின்றது, நிலவுடைமை மாறவில்லை. கென்ஜியின் மனிதநேயத்தின் உயரமும் எல்லையும் இதுவே என்பேன்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1934இல், யமசே மீண்டும் தாக்கியது. வடகீழ் யப்பானின் வாரக்குடிகள் பலர் தம் பெண்மக்களைப் பரத்தையர் விடுதிகளுக்கு விற்றனர். 1993இலும் கடுங்குளிர்க் கோடை வந்தது. யப்பான் அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. எனினும் எவரும் மகளை விற்கவில்லை. காற்று அதே காற்று. இடையே நிகழ்ந்தது போருக்குப் பிந்திய நிலச்சீர்திருத்தம்; அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரத்தின்கீழ் அது நிகழ்ந்தமை வரலாற்றின் நகைமுரண். அதனை மாத்திரமே காரணமெனல் எளிமைப்படுத்தலாகும். பயிர்க் காப்புறுதி, குளிர்தாங்கும் நெல்லினங்கள், நகர்க்கூலி ஆகியவையும் சேர்ந்தன.

அந்நகர்க்கூலியே இன்று கிராமங்களை வெறுமையாக்குகின்றது. இளைஞர் தோக்கியோவுக்கும் செந்தாய்க்கும் பெயர்கின்றனர். மாகாண மக்களில் மூன்றிலொரு பங்கினர்க்கு மேல் 65 வயது கடந்தோர். தெந்தெரா வெளி இப்போது சுற்றுலாத் தலம். அயலிலுள்ள வயல்களில் உழைப்போருள் முதியோரே மிகுதி.