வால் கரையும் முன்

தவளையைப்போல நீரிலும் நிலத்திலும் வாழும், ஆனால் வாலுள்ள நியூட்டை இந்தியாவில் பார்க்க டார்ஜிலிங் போன்ற மலைகளுக்குப் போக வேண்டும். பொதிகை மலையில் அது கிடையாது. அதன் முட்டை பொரிவதையும், குஞ்சின் கழுத்தோரம் செவுள்கள் விரிவதையும், முன்னங்கால் முதலில் முளைப்பதையும் நாள்வாரியாகப் படமெடுப்பவர்கள் வெளிநாடுகளில் உண்டு. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அதற்கு இணையானது தலைப்பிரட்டை. ஆனால் இங்கே கேமராக்கள் இலைமேல் உட்கார்ந்த தவளையோடு நின்றுவிடுகின்றன. வளர்ந்த தவளையின் அழகான ஒற்றைப் படத்தைவிட, முட்டை முதல் வால் கரையும்வரை ஓரினத்தைத் தொடர்ந்து எடுத்த படவரிசைதான் இந்த மலைக்கும் ஆற்றுக்கும் இன்று அதிகம் தேவை.

காரணம், தவளையைத் தெரிந்துகொள்வதால் மட்டும் அதன் வாழ்க்கை தெரிந்துவிடுவதில்லை. நடனத் தவளைகளின் மிக்ரிக்சாலஸ் பேரினத்துக்கு 1888இலேயே பெயர் வைத்தாயிற்று; அவற்றின் தலைப்பிரட்டை ஓடை மணலுக்குள் புதைந்து வாழ்கிறது என்பது 2016இல்தான் வெளிவந்தது. மண்ணுக்குள் வாழும் ஊதாத் தவளையின் கதை நேர்மாறானது. 2003இல்தான் தவளைக்குப் பெயர் கிடைத்தது. அதன் தலைப்பிரட்டையோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பதிவாகிவிட்டது. 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து அதன் உறவினமான நாசிகபட்ராகஸ் பூபதி அறிவிக்கப்பட்டது. மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக வைத்த பெயர் அது. மேற்குச் சரிவின் ஊதாத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்ய, கிழக்குச் சரிவின் இந்தத் தவளை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடக்கும் உயிர் எளிதில் கண்ணுக்குத் தட்டுப்படுவது, அதன் குஞ்சுகள் உறிஞ்சுவாயால் ஓடைப் பாறையைக் கவ்வி நிற்கும் நாட்களில்தான்.

களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டியது. 1876இல் விலங்கியலாளர் குந்தர் விவரித்த ராவோர்செஸ்டிஸ் கலாசோடெஸ் என்ற புதர்த்தவளை, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் காணாமல்போய், மீண்டும் கண்டெடுக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. சேஷாத்ரியும் சக ஆய்வாளர்களும் 2015இல் அது முட்டையிடும் இடத்தை விளக்கினார்கள். நாணல் மூங்கிலின் கணுவிடையில் உள்ள சிறு துளை வழியே ஆண் உள்ளே நுழைகிறது. முட்டைகள் மூங்கிலின் உள்சுவரில் ஒட்டியிருக்கின்றன. நீரில் நீந்தும் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால் வளர்ந்து குட்டித் தவளையாக வெளிவருகிறது. முட்டைகளைக் காக்கும் ஆணை அப்புறப்படுத்திப் பார்த்தபோது, அதே இனத்தின் வேறு ஆண்கள் புகுந்து முட்டைகளைத் தின்றன. மூங்கிலை வெட்டினால் போவது தவளையின் தொட்டில் என்ற உண்மை, தவளையை மட்டும் படமெடுத்திருந்தால் தெரிந்திருக்காது.

தலைப்பிரட்டைகள் எல்லாம் ஒரே மாதிரிக் கருப்புப் பொட்டுகள்தானே, படமெடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். மேலிருந்து மட்டும் எடுத்தால் அப்படித்தான் இருக்கும். மெல்லிய கண்ணாடித் தொட்டியில் அதே ஓடையின் நீரை விட்டு, பிளாஷைப் பக்கவாட்டில் வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் வேறு உலகம் தெரிகிறது. பொரிந்த குஞ்சின் இருபுறமும் நூலிழைபோன்ற வெளிச்செவுள் சில நாளே இருக்கும். பிறகு தோல்மடிப்பு அதை மூடிவிடும். நீர் வெளியேறும் துளை பல இனங்களில் இடப்பக்கம், சிறுவாய்த் தவளைகளில் வயிற்றின் நடுவில். வாயைச் சுற்றிய நுண்பற்களின் வரிசை இனத்துக்கு இனம் மாறும். நியூட்டைப்போல் அல்லாமல் பின்னங்கால் முதலில் தெரியும். முன்னங்கால் தோலுக்கடியில் வளர்ந்து, முழங்கையால் தோலை முட்டிக்கொண்டு வெளியே வரும். இந்த வளர்ச்சியை 46 நிலைகளாக ஆய்வாளர் காஸ்னர் 1960இல் பிரித்துவைத்தார்; படத்தோடு நிலை எண்ணையும் எழுதினால், எந்த ஆய்வாளரும் அதைப் பயன்படுத்தலாம். பார்மலினில் போட்ட உடலில் நிறம் போய்விடும், படத்தில் போகாது.

டிஎன்ஏ இருக்கும்போது படம் எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு. குஞ்சு எந்தத் தவளையினுடையது என்பதை டிஎன்ஏ சொல்லும். பாறையைக் கவ்வியதா, மணலில் புதைந்ததா என்பதைச் சொல்லாது. இரண்டும் சேர வேண்டும். உயிரைத் தொந்தரவு செய்கிறோமே என்ற ஆட்சேபம்தான் உண்மையில் கனமானது. அதை நான் முழுதும் ஏற்கிறேன். காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியின்றிக் கை வைக்கக் கூடாது. தொட்டியில் சில நிமிடங்களுக்கு மேல் வைக்கக் கூடாது. எடுத்த இடத்திலேயே விட வேண்டும். ஓர் ஓடையின் ஈரம் காயாத வலையையும் செருப்பையும் அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகவே கூடாது. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை அப்படித்தான் பரவும். மூங்கில் கணுவைப் பிளந்து எடுக்கும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம். பழக நினைப்பவர்களுக்குக் காடே தேவையில்லை. ஐப்பசி மழையில் நிறையும் வயல்களிலும் குளங்களிலும் தேரையின் முட்டைச்சரம் கிடக்கிறது; மரத்தவளையின் நுரைக்கூடு தண்ணீர்த் தொட்டி விளிம்பிலேயே தொங்குகிறது. தேதி, இடம், நீரின் ஆழம், அன்று பெய்த மழை ஆகிய நான்கையும் ஒவ்வொரு படத்தோடும் குறித்துவைக்கலாம்.