பல் வலி நின்றுவிட்டதா? ஓடிவிடாதீர்கள்! ‘ரூட் கேனால்’ நாற்காலியில் நடப்பது என்ன?

ராத்திரி மணி 2. வீடே குறட்டை விடுகிறது. ஒருவர் மட்டும் கன்னத்தைப் பிடித்தபடி கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறார். படுத்தால் மண்டை பிளக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை.

இந்தக் காட்சி நடக்காத தெரு சென்னையில் உண்டா?

வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரும் இப்படித்தான் நடந்தார். மூன்று ராத்திரி நடந்தார். இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். கடையில் கிராம்புக்குப் பஞ்சமா? ஒன்றை எடுத்துக் கடித்தார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். நாலாம் நாள் வலி மாயமாய் மறைந்தது.

“சரியாப் போச்சு தம்பி. டாக்டருக்குக் குடுக்க வேண்டிய காசு மிச்சம்” என்று நம்மிடம் சிரித்தார்.

நாலு மாதம் போயிற்று. ஒருநாள் காலை கடைக்குப் போனோம். அண்ணாச்சியின் இடது கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது!

வலி ஏன் நின்றது?

பல் வெறும் எலும்புக் கட்டி அல்ல. அதன் நடுவே உயிருள்ள சதை இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதற்குள்தான். சொத்தை அரித்து அரித்து உள்ளே போய் அந்தச் சதையைத் தொட்டதும் அது வீங்குகிறது.

கையில் அடிபட்டு வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள் இடம் ஏது? நாலு பக்கமும் சுவர். நெருக்கம் தாங்காமல்தான் அந்தத் துடிப்பு. படுக்கும்போது தலைப் பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் ராத்திரியில் வேதனை இரட்டிப்பு.

சில நாளில் அந்தச் சதை செத்துப் போகிறது. செத்த நரம்பு வலிக்குமா? வலிக்காது. நம்மவர்கள் “போச்சு” என்று சந்தோஷப்படுவது இந்த நேரத்தில்தான். போனது நரம்பு. கிருமி அங்கேயே இருக்கிறது. அது வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது.

“மாத்திரை போட்டேனே?” என்று கேட்கலாம். விழுங்கிய மாத்திரை ரத்தம் வழியாகத்தான் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. வீக்கத்தை அது அடக்கலாம். உள்ளே இருக்கும் அழுக்கை எடுக்காது.

கிராம்பு எண்ணெயும் அப்படித்தான். கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். அதிகம் தடவினால் ஈறு புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஈறு வெந்துவிடும்! புகையிலையை அடக்கிக்கொள்பவர்களைப் பற்றி என்ன சொல்வது?

“கண்ணு போயிருமாமே?”

அண்ணாச்சியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறை. பக்கத்துத் தெரு பல் டாக்டரம்மாவிடம் நாமும் கூடவே போனோம். வழியெல்லாம் ஒரே கேள்விதான்.

“தம்பி, ரூட் கேனால்னா வேரோட பிடுங்குறதுதானே? பல்லைத் தொட்டா கண் நரம்பு போயிருமாமே?”

இரண்டும் தப்பு. பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றுவதற்குத்தான் ரூட் கேனால். வேர் தாடையிலேயே இருக்கும். வேருக்குள் இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் சிகிச்சை. கண்ணில் பார்வைக்கு உள்ள நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. மேல் பல்லானாலும் சரி, கீழ்ப் பல்லானாலும் சரி, வேர் சிகிச்சையால் பார்வை போகும் என்பது வீண் பயம். இந்தப் பயத்தாலேயே பல்லை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

டாக்டரம்மா முதலில் எக்ஸ்ரே எடுத்தார். பிறகு கேட்டார்: “சர்க்கரை உண்டா? பி.பி.? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?”

இதற்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். இருதய மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது. பட்டினியாகவும் போகாதீர்கள். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு போவதே நல்லது. நாற்காலியில் மயங்கி விழுபவர்களில் பாதிப் பேருக்குப் பயம், மீதிப் பேருக்குப் பசி என்று வைத்துக்கொள்ளலாம்!

ஊசி

ஊசிதான் எல்லோருக்கும் நடுக்கம். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசியை வாயின் பின்பக்கம், தாடை ஓரமாகப் போடுகிறார்கள். சுருக்கென்று ஒரு குத்தல். சில நிமிடத்தில் அந்தப் பக்கத்து உதடும் நாக்கும் தடித்துப் போனது போல் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் உதடு அதே உதடுதான்!

வீங்கிப் பழுத்த பல்லில் மருந்து சில சமயம் உடனே பிடிக்காது. வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னார் டாக்டரம்மா. அண்ணாச்சி ஒரு தடவை தூக்கினார். இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார்கள். பிறகு கை இறங்கியே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது வீரம் அல்ல. கையைத் தூக்குங்கள்.

வாயின் மேல் ரப்பர் தாள் ஒன்றை விரித்தார்கள். அதன் ஓட்டை வழியாக அந்த ஒரு பல் மட்டும் தலையை நீட்டியது. மருந்தும் சின்னச் சாமானும் தொண்டைக்குள் போகாமல் இருக்கவும், எச்சில் பல்லுக்குள் போகாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு.

பிறகு மேலே ஒரு வாசல் திறந்தார்கள். குப்பென்று ஒரு நாற்றம்! அடைபட்டிருந்த சீழ் வெளியே வந்தது. அண்ணாச்சியின் புருவம் அப்போதே இறங்கிவிட்டது.

அப்புறம்தான் நிஜமான வேலை. நெளியும் ஊசி போன்ற பைல்களை ஒவ்வொன்றாக வேருக்குள் விட்டு உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுக்கிறார்கள். இதில் பத்தாம் நம்பர் பைலின் முனை 0.10 மில்லி மீட்டர்தான்! கீழ்க் கடைவாயில் வரும் முதல் பெரிய பல்லுக்கு வேர் இரண்டு, குழாய் பெரும்பாலும் மூன்று. சில பேருக்கு நாலு. மேல் முன்பல்லுக்கு ஒன்றே ஒன்று. கடைவாய்ப் பல்லுக்கு நேரமும் பணமும் அதிகம் ஆவதற்கு இதுதான் காரணம். டாக்டர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

நடுவே நடுவே மருந்து விட்டுக் கழுவுகிறார்கள். துணி வெளுக்கும் பிளீச்சில் உள்ள அதே சரக்குதான், அளவாக. கடைசியில் வெள்ளையாக ஒரு மருந்தை வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார் டாக்டரம்மா.

“அது என்னம்மா வெள்ளையா?”

“கால்சியம் ஹைட்ராக்சைடு. உங்க கடையில விக்கிற வெத்தலைச் சுண்ணாம்பு இருக்கே, அந்த ஜாதிதான்.”

அண்ணாச்சிக்கு வாய் மரத்திருந்தும் சிரிப்பு வந்துவிட்டது. (இதைப் படித்துவிட்டு வீட்டுச் சுண்ணாம்பை எடுத்துப் பல்லில் வைத்துவிடாதீர்கள். வெந்துவிடும்!)

ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தோம்.

இரண்டாவது தடவை

மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. வலி கிடையாது. டாக்டரம்மா அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். அந்த நாளும் வந்தது. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை!

“அதான் வலியே இல்லையே தம்பி? மாசக் கடைசி வியாபாரம் கெடும். பொறவு பாப்போம்.”

வேர் சிகிச்சைக்குப் போகும் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். முதல் தடவை நரம்பு செத்ததால் வலி நின்றது. இரண்டாவது தடவை டாக்டர் சீழை வெளியேற்றியதால் நின்றது. இரண்டு தடவையும் வேலை முடியவில்லை. தற்காலிக அடைப்பு சில வாரத்துக்குத்தான் தாங்கும். தேய்ந்து விலகினால் எச்சிலோடு கிருமி மறுபடி உள்ளே குடியேறிவிடும். பழைய கதைதான்.

நமக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இன்னும் கொஞ்ச தூரம் போனார். குழாய்களை அடைக்கும் வரை ஒழுங்காகப் போனார். ‘கேப்’ என்னும் தொப்பி போட வேண்டிய நேரத்தில் மகன் பள்ளிக்கூடச் சம்பளம் குறுக்கே வந்தது. “பல்லு கல்லு மாதிரி இருக்கு, தொப்பி எதுக்கு?” என்று விட்டுவிட்டார். ஒரு வருடம் கழித்துத் தீபாவளி முறுக்கு. ‘டக்’ என்று ஒரு சத்தம். பல் நெடுக்காக வேர் வரை பிளந்துவிட்டது! பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அத்தனை செலவும் வீண்.

சொத்தை தின்றது பாதி, சிகிச்சைக்காகக் குடைந்தது கொஞ்சம் என்று, கடைவாய்ப் பல் உள்ளே கூடாகிவிடுகிறது. மெல்லும் பாரம் முழுவதும் அதன் மேல்தான். அதனால் கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி பெரும்பாலும் அவசியம். அதிகம் சேதமில்லாத முன்பல்லுக்குச் சில சமயம் அடைப்பு மட்டுமே போதும்.

முறுக்குக் கதையைக் கேட்டதும் அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டார்.

ரப்பர் குச்சி

அடுத்த இரண்டு தடவையும் சுலபம். மறுபடி கழுவினார்கள். கடைசியில் ஊதுபத்திக் குச்சியை விட மெல்லிய ரப்பர் போன்ற குச்சிகளை வைத்துக் குழாய்களை அடைத்தார்கள். கட்டா பெர்ச்சா என்று பெயர். மலேசியா பக்கத்து மரத்தின் பால். 19-ம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டபோது, தண்ணீர் புகாமல் இருக்கக் கம்பிக்கு மேல் பூசியது இதைத்தான்!

எல்லோருக்கும் மூன்று தடவை ஆகும் என்பதில்லை. சீழ் இல்லாத பல்லை ஒரே தடவையில் முடிப்பதும் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு

மரத்துப்போனது தெளிய 2 மணி முதல் 4 மணி நேரம் ஆகலாம். அதுவரை மெல்ல வேண்டாம். சுடச்சுடக் காபியும் வேண்டாம். உதட்டையோ கன்னத்தையோ கடித்துக்கொண்டால் தெரியாது, தெளிந்த பிறகுதான் தெரியும்!

அதன்பின் இரண்டு மூன்று நாள் அந்தப் பல்லால் கடித்தால் நோகும். சிலருக்கு ஒரு வாரம் வரை. “நரம்பையே எடுத்தாச்சே, பின்னே ஏன் வலி?” என்று அண்ணாச்சி கேட்டார். நோவது பல் அல்ல, வேரைச் சுற்றியுள்ள சதையும் எலும்பும். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை போதும். குடல் புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய் உள்ளவர்கள் மருந்துக் கடையில் தாங்களாகவே வலி மாத்திரை வாங்கக் கூடாது. வீக்கமும் காய்ச்சலும் இல்லாதவருக்குக் கிருமிக்கான மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது.

மறுநாளே ஆபீசுக்குப் போகலாம், கடை திறக்கலாம். பல் துலக்கலாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். தொப்பி போடும் வரை மறுபக்கம் மெல்லுங்கள்.

நோவு குறையாமல் கூடினால், வீக்கம் திரும்பினால், காய்ச்சல் அடித்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு முட்டினாலோ, பல் டாக்டருக்காகக் காலை வரை காத்திருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பல் சீழ் உயிருக்கே உலை வைப்பது இந்த வழியில்தான்.

செலவு?

தனியார் டாக்டரிடம் கடைவாய்ப் பல் என்றால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். தொப்பிக்குப் பல இடங்களில் தனிக் கணக்கு. உலோகமா, பீங்கானா என்பதைப் பொறுத்து விலை ஏறும். முதல் நாளே “தொப்பியோட சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குமாஸ்தா முதலிலேயே கேட்டிருந்தால் அந்தப் பணத்தையும் ஒதுக்கி வைத்திருப்பார்.

முடியாதவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கோட்டை ரெயில் நிலையத்துக்கு எதிரே. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. வேர் சிகிச்சைக்கென்று அங்கே தனிப் பிரிவே உண்டு. கூட்டம் இருக்கும். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். நாலைந்து தடவை நடக்கவும் வேண்டியிருக்கும்.

அண்ணாச்சிக்கு அளவு எடுத்தாகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை தொப்பி. அதுவரை வறுத்த பட்டாணி டப்பாவைக் கைக்கு எட்டாத அலமாரியில் ஏற்றி வைத்திருக்கிறார்.