மூளைக்குள் போகும் டோபா

டெல்லி மோதி பாக்கிலிருந்து ரிங் ரோட்டில் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் எய்ம்ஸ் மருத்துவமனை. அங்கே எடுக்கப்படும் ஸ்கேன்களில் ஒன்று, 'எஃப்-டோபா பெட்'.

கைகால் அசைவைச் சீராக்கும் டோபமைன், ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் மூலப்பொருளான டோபா நுழையும். அந்த டோபாவில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்க்கிறார்கள். சுமார் 110 நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். டோபா வழியிலேயே செலவாகாமலிருக்க, முதலில் கார்பிடோபா மாத்திரை. பிறகு கை ரத்தக்குழாயில் அந்த டோபா ஊசி. தலையை அசைக்காமல் படுக்க வேண்டும், நடுக்கம் உள்ளவருக்கு அது லேசான காரியமில்லை.

படத்தில், மூளையின் நடுவே டோபா சேரும் இடங்கள் இரண்டு காற்புள்ளிகளாக ஒளிரும். பார்க்கின்சன் நோயில் முதலில் மங்குவது அவற்றின் வால்.

உயிருள்ள மனித மூளையில் டோபமைனை இப்படி முதன்முதலில் படமாக்கியவர்கள் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர், 1983-இல். அதற்கும் வெகு முன்பே, 1937-இல், நம் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் டோபாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். எதிலிருந்து தெரியுமா? வேலியோரம் படரும் பூனைக்காலி விதையிலிருந்து!